எழுத்தும் நடிப்பும்

சிவபாதம் அண்ணர் யாழ்ப்பாணத்தில் எந்த ஊர் என்று கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு வாரம் பத்துக் கடிதமாவது வரும். உரும்பிராய்தான் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். இல்லை, அந்த இழுவை வடமராட்சி இழுவை என்றார்கள் வேறு சிலர். வெள்ளை மயிரும் நாலுமுழ வேட்டியுமாகத் தொலைக்காட்சியில் சிவபாதம் அண்ணராக வந்த றேமண்டோ யாழ்ப்பாணத்தின் வாசலான ஆனையிறவை ஒரு நாளும் தாண்டியவன் அல்ல. கொட்டாஞ்சேனையில், சாந்த லூசியா பேராலயத்தின் மணி கேட்கும் தூரத்தில், பத்து வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஒழுங்கை ஒன்றில் பிறந்தவன். அதே ஒழுங்கையில் மூன்றாம் வீட்டுப் புளோறன்ஸைக் கட்டியவன். துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் சாமான்களை எண்ணிக் கொப்பியில் கோடு கிழிக்கும் கிளார்க்.

பங்குத் திருவிழா மேடைகளில் சுவாமியாரைப் போலவும் பாடகர் குழுவைப் போலவும் செய்துகாட்டி வந்தவனை யாரோ தொலைக்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். தமிழுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் வியாழன்தோறும் ஏழரைக்குக் கால் மணித்தியாலம் கிடைத்தது. 'ஏழாம் நம்பர் வீடு' என்று பெயர் வைத்தான். வெள்ளவத்தை மாடிவீட்டில் மகனோடு வந்து தங்கியிருக்கும் ஓய்வூதியக் கிழவர் ஒருவர்; சிங்களம் தெரியாது; தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அவ்வளவுதான் கதை. முதல் நாலு கிழமை யாரும் சிரிக்கவில்லை. கிழவர் வாயில் கொட்டாஞ்சேனைத் தமிழ்தான் வந்தது.

அந்த நேரத்தில்தான் நாகேந்திரம் துறைமுகக் களஞ்சியத்துக்கு வந்தார். வடக்கிலிருந்து கப்பலில் போட்டுவிட்ட புத்தகப் பெட்டி ஒன்று வந்து சேரவில்லை என்று மூன்று நாள் தொடர்ந்து வந்து முறையிட்டார். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக் கந்தோரில் வேலை பார்த்து, இடம்பெயர்ந்து, மனைவி கௌரியோடு வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் ஒற்றை அறையில் இருந்தவர். மகள் கனடாவில். கூப்பிடும்வரைக்கும் இங்கே காத்திருப்பு. அவர் முறையிடுகிற முறையைக் கேட்க மூன்றாம் நாள் கிளார்க்மார் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"பெட்டி வரேல்லை எண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. பெட்டி வந்திருக்கும். அது படிச்ச பெட்டி. உங்கட களஞ்சியத்தைப் பாத்திட்டுத் திரும்பிப் போயிருக்கும்."

றேமண்ட் அதைச் சாமான் எண்ணும் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான். பெட்டி கிடைக்கவே இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் றேமண்ட் நூறாம் நம்பர் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குப் போனான். அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, கதவின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் குத்தியிருந்த பொலிஸ் பதிவுத் துண்டு. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளமும் கடலும். ரயில் போகும்போது பேச்சு நிற்கும். நாகேந்திரம் கட்டிலில் சம்மணம் கட்டி, மடியில் பழைய காலண்டர் மட்டையை வைத்து, சாய்ந்த எழுத்தில் எழுதுவார். றேமண்ட் இரண்டு எட்டு வைக்கவும் இடமில்லாத தரையில் நடந்து நடந்து பேசிக் காட்டுவான்.

"சோறு இருக்கு..."

"இருக்கு எண்டு சொல்லுறவன் யாழ்ப்பாணத்தான் இல்லை. சோறு கிடக்கு. கறி கிடக்கு. மனுசி நிக்குது."

"மனுசி ஏன் கிடக்கல்ல?"

"கிடந்தால் சோறு கிடக்காது."

கௌரி அடுப்படியிலிருந்து திரும்பாமலே, "இதையும் எழுதிப் போடாதேங்கோ," என்பார். அதுவும் எழுதப்படும்.

எழுதியதைச் சிங்களத்தில் மாற்றி நிகழ்ச்சிப் பொறுப்பாளர் சிறிலிடம் கொடுக்க வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, கடைசி வரி வரைக்கும் முகம் மாறாமல் வாசித்துவிட்டு, "இதில் சிரிக்கும் இடம் எது?" என்று கேட்பார். றேமண்ட் விரல் வைத்துக் காட்டுவான். சிறில் அந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் போடுவார். அங்கேதான் நிலையத்தில் இருந்த சிரிப்பு நாடாவை ஓட்டுவார்கள். தலைமயிருக்குப் பவுடர் பிடிக்காமல் வெள்ளைச் சப்பாத்துக்குப் பூசும் சுண்ணத்தையே பூசினார்கள். புதன்கிழமை ஒளிப்பதிவு முடிந்து வந்தால் வெள்ளிவரை தலை அரிக்கும்.

ஆறு மாதத்தில் நிலைமை மாறியது. வியாழன் ஏழரைக்குத் தெருவில் ஆள் குறைந்தது. சிவபாதம் அண்ணர் சிங்களத்தைக் கொலை செய்கிற அழகுக்காகச் சிங்களச் சனமும் பார்த்தது. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கும்போது, ஆமிக்காரன் றேமண்டைப் பார்த்துச் சிரித்து, தாத்தா என்று சிங்களத்தில் உறவு வைத்து, "சீயா, நீங்க இருங்க," என்பான். பஸ்ஸுக்குள் தனியே உட்கார்ந்து, வெயிலில் வரிசையாக நிற்பவர்களை ஜன்னலால் பார்க்கும்போது றேமண்டுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, ஒருநாள் அடையாளம் தெரியாத புதுப் பையன் ஒருவன் அவனையும் இறக்கியபோது கோபம் வந்தது.

நிகழ்ச்சி முடிவில் 'எழுத்து, நடிப்பு: றேமண்ட்' என்று போகும். ஒருமுறை அவன் கேட்டான்.

"அண்ணை, உங்கட பேரையும் போடுவமா?"

"வேண்டாம் தம்பி. என்ர பேர் பொலிசின்ர கொப்பியில கிடக்கு. அது காணும்."

சரி என்றான். இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம் தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. அதற்குப் பிந்திய கிழமை வெள்ளவத்தையில் லொட்ஜ் லொட்ஜாகச் சுற்றிவளைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். பள்ளிக்கூடக் கன்ரீனுக்குக் கொடுக்க நூறு கட்லட் உருட்டி, புளோறன்ஸ் பாண்தூளில் புரட்டிக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு மழை. கௌரி குடையில்லாமல் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி நிக்கிறாரோ?"

"உள்ள வாங்க கௌரி அக்கா. என்ன இப்பிடி நனைஞ்சு போயிட்டீங்க?"

"இவரைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்."

றேமண்டுக்கு அன்று துறைமுகத்தில் பின்னேர முறை வேலை. சாரத்தோடு எழுந்து வந்தான். கௌரி கதிரை நுனியில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சிமெந்துத் தரையில் சொட்டியது.

"நேற்று விடிய எல்லாரையும் கீழ இறக்கினவங்கள். மற்ற ஆக்களைப் பின்னேரம் விட்டிட்டாங்கள். இவரை விடேல்லை. பதிவு கிடக்கு, ஐசி கிடக்கு, அதில ஒரு பிழையும் இல்லை. பைக்குள்ள கிடந்த தாளாலதான்."

"என்ன தாள் அக்கா?"

"உங்கட தாள்தான். மாம்பழப் பகுதி."

றேமண்டுக்கு விளங்கியது. போன சனிக்கிழமை இருவரும் சிரித்துச் சிரித்து எழுதிய பகுதி. ஊரிலிருந்து ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வருகிறது. மாடிவீட்டுச் சொந்தக்காரனுக்குப் பங்கு கொடுக்காமல் சிவபாதம் அண்ணர் அதை மேலே ஏற்ற வேண்டும். 'கறுத்தக்கொழும்பான் நாளைக்குக் கொழும்புக்கு வாறான். பன்ரெண்டு பேர். ஒருத்தருக்கும் தெரியாமல் மேல ஏத்த வேணும். கவனம், தொட்டால் வெடிச்சிடுவாங்கள்.' இதை ஒருவன் நேராகச் சிங்களத்தில் மொழிபெயர்த்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று அவர்கள் இருவருக்கும் அன்று தோன்றவில்லை.

"கறுத்தக்கொழும்பான் ஆர், எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டு அடிச்சிருக்கிறாங்கள். மாம்பழம் எண்டு இவர் சொல்லச் சொல்ல அடி கூடுதாம். காவலுக்கு நிண்ட தமிழ்ப் பொடியன் சொன்னவன்."

"மாம்பழத்துக்கா?" என்றாள் புளோறன்ஸ்.

"தம்பி, நீங்கள் வந்து, இது என்ர நாடகம், நான்தான் எழுதச் சொன்னனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். உங்களை அங்க எல்லாருக்கும் தெரியும்."

"வாறன் அக்கா. சட்டையை மாத்திட்டு வாறன்," என்றான் றேமண்ட். சட்டையை மாற்றினான். பிறகு, "சிறிலுக்கு ஒரு சொல்லுச் சொல்லிட்டு வாறன். அதுதான் முறை," என்று சொல்லிவிட்டுத் தெருமுனையிலிருந்த மர்ஸூக்கின் டெலிபோன் கடைக்குப் போனான்.

சிறில் சத்தம் உயர்த்தவில்லை. அந்தப் பகுதிக்கு நான் அனுமதி கொடுத்தேனா, என்று கேட்டார். இல்லை. எழுதுவது நீ என்றுதானே நிலையத்துக்குச் சொல்லியிருக்கிறாய்? ஆம். அப்படியானால் இந்த மனிதன் யார்? றேமண்ட் சொல்லத் தொடங்கினான். எனக்குச் சொல்லாதே, என்றார் சிறில். தெரியாமல் இருப்பது எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது. யோசித்துக் கதை.

மர்ஸூக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று, "என்ன சிவபாதம் அண்ணே, மொகம் செத்திருக்கு," என்று கேட்டான். றேமண்ட் கைகாட்டிவிட்டு நடந்தான்.

பொலிஸ் நிலையத்து வாசலில் கௌரியை நிறுத்திவிட்டார்கள். றேமண்டை மட்டும் உள்ளே விட்டார்கள். பொறுப்பதிகாரி அவனைக் கண்டதும் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்தே விட்டான். "அடே, டீவீ சீயா!" கான்ஸ்டபிள்மார் வந்து சூழ்ந்தார்கள். தேநீர் வந்தது. சிவபாதம் அண்ணர் பாண் கடையில் சிங்களம் பேசுகிற கட்டத்தைச் செய்துகாட்டச் சொன்னார்கள். முதலில் இவர்களைச் சந்தோஷப்படுத்திவிட்டுக் கேட்டால் காரியம் லேசாகும் என்று றேமண்ட் தனக்குள் சொல்லிக்கொண்டான். வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல் காற்சட்டையைப் பிடித்து, முதுகை வளைத்து, தொண்டையைச் செருமித் தொடங்கினான். மேசையில் அடித்துச் சிரித்தார்கள். நடுவில் திரும்பியபோதுதான் பார்த்தான்: கோப்பு அலுமாரிக்கு அந்தப்பக்கம் வாங்கு ஒன்றில் நாகேந்திரம் இருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப்போலவே தொண்டையைச் செருமி, அவருடைய இழுவையில் அவன் பேசிக்கொண்டிருந்தான். நிறுத்த முடியவில்லை. முடிக்கும்வரை செய்தான்.

சிரிப்பு ஓய்ந்ததும் பொறுப்பதிகாரி லாச்சியைத் திறந்து தாள்களை எடுத்தான்.

"கறுத்தக்கொழும்பான் கவுத?" என்று கேட்டான். எது என்று கேட்கவில்லை. யார் என்று கேட்டான்.

"அம்ப ஜாத்தியக் சேர்," என்றான் றேமண்ட். மாம்பழ வகை, ஐயா.

பொறுப்பதிகாரி அந்தத் தாளை மேசையில் போட்டான். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை. அடுத்த தாளை எடுத்தான். அதில் சோதனைச் சாவடியில் ஐசி என்ற அடையாள அட்டையைத் தலைகீழாகப் பிடித்து வாசிக்கிற ஆமிக்காரன் ஒருவன் வருவான். அந்தக் கட்டத்தை எழுதச் சொல்லிக் கேட்டவன் றேமண்ட்தான். 'வேண்டாம் தம்பி, இது கரைச்சல்' என்று நாகேந்திரம் சொல்ல, 'பிறகு வெட்டலாம், எழுதுங்க' என்றவனும் அவன்தான்.

"இதுவும் உன்னுடையதா?"

ஓம் என்று ஒரு சொல். கௌரி கேட்டதும் அதைத்தான். றேமண்ட் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். தெரிந்த எழுத்தைத் தெரியாததுபோல் பார்ப்பது பெரிய நடிப்பு அல்ல. ஆனால் அன்று அதை நன்றாகச் செய்தான்.

"இல்லை சேர். இந்தாள் எனக்குப் பிரதி எடுத்துத் தாறவர். நான் எழுதினதைப் பாத்து எழுதுவார். இதை நான் காணல்ல," என்று சிங்களத்தில் சொன்னான்.

வெளியே வரும்போது றேமண்ட் வாங்கின் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் கௌரி, "சொன்னீங்களோ தம்பி?" என்று கேட்டார்.

"சொன்னேன் அக்கா. விசாரிச்சுப் போட்டு விடுவாங்களாம்."

பதினாலு மாதம் விசாரித்தார்கள். தெற்கே ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். மாதத்துக்கொருதரம் பார்க்க விட்டார்கள். கௌரி தனியே போக வேண்டாமென்று புளோறன்ஸ் கட்லட் கட்டிக்கொண்டு கூடப் போய்வந்தாள். மூன்றாம் முறை போய் வந்த அன்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து றேமண்டுக்கு முன்னால் நின்றாள்.

"இல்ல எண்டு சொன்னீங்களாமே."

"ஆர் சொன்னது?"

"கௌரி அக்காக்கு முதல்லேயே தெரியுமாம். எனக்குத் தெரியாதெண்டு இண்டைக்குத்தான் விளங்கினதாம். சொன்னீங்களா, இல்லையா?"

"நமக்குப் பிள்ளைகள் ரெண்டு இருக்கு புளோறன்ஸ்."

"அவங்கள என்னத்துக்கு இழுக்கிறீங்க? அவங்க அந்த நேரம் ஸ்கூல்ல இருந்தாங்க."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வியாழக்கிழமை ஏழரைக்கு மட்டும் எழுந்து குசினிக்குள் போய்விடுவாள்.

றேமண்ட் தனியே எழுதிப் பார்த்தான். பழைய கார்பன் பிரதிகளிலிருந்து மிச்சம் மீதியைப் பொறுக்கி ஒட்டினான். சனிக்கிழமைப் பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் துறைமுகத்துக்கே போய் மேலதிக வேலை செய்தான். 'சிவபாதம் அண்ணர் இப்போது கொட்டாஞ்சேனையில் குடியேறிவிட்டாரா?' என்று வெள்ளவத்தையிலிருந்து பாலசுந்தரம் என்ற ஒருவர் எழுதிய கடிதத்தைச் சிறில் கோப்பில் போட்டு வைத்திருந்தார். சிரிப்பு நாடாவை முந்தியைவிட நீட்டி ஓடவிட்டார்கள். அடுத்த வருஷ நடுவில், புதிதாக எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தி வைப்போம், பழையதைத் திருப்பிப் போடலாம், சனம் அதைத்தான் கேட்கிறது, என்று சிறில் சொன்னார். றேமண்டுக்கு நிம்மதியாகவே இருந்தது.

நாகேந்திரத்தைத் தொண்ணூற்றேழு ஐப்பசியில் விட்டார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மார்கழியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவராகவே ஒழுங்கைக்குள் வந்தார். பாதிக்குப் பாதியாக மெலிந்திருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும். ஒரு காதுப் பக்கம் திரும்பித்தான் பேச்சைக் கேட்டார். புளோறன்ஸ் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து இருத்தினாள்.

"இரும் தம்பி, ஏன் நிக்கிறீர்?" என்று வீட்டுக்காரனுக்கே இடம் காட்டினார் நாகேந்திரம். "ஒரு அலுவலா வந்தனான். கனடா விசாக் கந்தோரில, பொலிசார் ஏன் பிடிச்சவங்கள், ஏன் இவ்வளவு காலம் வைச்சிருந்தவங்கள் எண்டு கேக்கிறாங்கள். சந்தேகம் தீராட்டி விசா இல்லை. அந்தத் தாளுகள் டீவி நாடகத்துக்கு எழுதினது எண்டு உம்மட கடிதம் ஒண்டு வேணும்."

"எழுதித் தாறேன் அண்ணை. இப்பவே."

"தமிழிலயே எழுதும். மொழிபெயர்க்க அங்க ஆள் இருக்காம்."

றேமண்ட் தாளும் பேனையும் எடுத்து வந்து மேசையில் உட்கார்ந்தான். திகதி போட்டான். 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று எழுதினான். அதற்கு மேல் பேனை நகரவில்லை. இரண்டு முறை எழுதி வெட்டினான். குசினியில் எண்ணெய் பொரியும் சத்தம் நின்றிருந்தது. புளோறன்ஸ் கதவு நிலையில் வந்து நின்றாள்.

"வருகுதில்லை அண்ணை. நீங்க சொல்லுங்க. நான் எழுதுறேன்."

நாகேந்திரம் அவன் கையிலிருந்த பேனையைப் பார்த்தார். பிறகு நல்ல காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, சனிக்கிழமைகளில் சொல்வதுபோலவே நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார்.

"நாகேந்திரம் என்பவர் இரண்டரை ஆண்டுகளாக எனது நிகழ்ச்சியை என்னுடன் சேர்ந்து எழுதியவர். போடும். அவரிடம் கைப்பற்றப்பட்ட தாள்கள் எனது வேண்டுகோளின்படி அந்த நிகழ்ச்சிக்காக எழுதப்பட்டவை. கறுத்தக்கொழும்பான் என்பது மாம்பழம். முற்றுப்புள்ளி. பொலிஸ் நிலையத்தில் அவற்றை என்னிடம் காட்டியபோது, எனக்குத் தெரியாது என்று நான் சொன்னேன்."

பேனை நின்றது.

"எழுதும் தம்பி. இது இல்லாட்டி அவங்கள் நம்ப மாட்டாங்கள். டீவிக்காரன் சொல்லியும் ஏன் விடேல்லை எண்டு கேப்பாங்கள்."

"எழுதுறேன். ஆனா அண்ணை... நான் ஏன் அப்பிடிச் சொன்னேன் எண்டும் கேப்பாங்கதானே. இந்தக் கடிதம் இங்க ஆரிட்டயாவது போனா..."

அவன் முடிக்கவில்லை. நாகேந்திரம் மோட்டுவளையைப் பார்த்தார். சரியான சொல்லைத் தேடும்போது அப்படித்தான் பார்ப்பார்.

"அப்ப, 'அவ்வேளை எனக்கு ஞாபகம் வரவில்லை' எண்டு போடும். பயத்தில சொன்னனான் எண்டு போட்டால் உமக்குக் கரைச்சல். ஞாபகமறதி ஆருக்கும் வரும்."

"றேமண்ட்," என்றாள் புளோறன்ஸ், நிலையில் நின்றபடியே.

றேமண்ட் தலைநிமிரவில்லை. 'அவ்வேளை எனக்கு ஞாபகம் வரவில்லை' என்று எழுதினான். கை வேகமாகப் போனது.

நாகேந்திரம் தாளை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். ஓரிடத்தில் விட்டுப்போன ஒற்று ஒன்றைப் பேனை வாங்கிப் போட்டார். "கீழ உம்மட கையெழுத்தை வையும்," என்று திருப்பிக் கொடுத்தார். வைத்ததும் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். புளோறன்ஸ் நீட்டிய கட்லட்டில் ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றார். நல்லாயிருக்குப் பிள்ளை, என்றார்.

"பஸ் மட்டும் நான் வாறேன் ஐயா," என்று அவள் செருப்பை மாட்டினாள்.

அவர்கள் இறங்கும்போது ஏழரை தாண்டியிருந்தது. எதிர் வீட்டு மேபல் அக்காவின் டீவியில் 'ஏழாம் நம்பர் வீடு' தொடங்கியிருந்தது. ஏதோ பழைய பகுதி. பக்கத்து வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். சிவபாதம் அண்ணர் செருமிவிட்டுக் களஞ்சியக் கிளார்க்கிடம் தன் பெட்டியைப் பற்றி முறையிடத் தொடங்கினார். றேமண்ட் வாசலில் நின்று பார்த்தான். நாகேந்திரம் புளோறன்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு அதே குரல் ஓடிக்கொண்டிருந்த ஒழுங்கையில் மெதுவாக நடந்தார். ஆறாம் வீடான செலீன் வீட்டுக்கு முன்னால் நின்றார். நல்ல காதை ஜன்னல் பக்கம் திருப்பினார். உள்ளே சனம் சிரித்தது, நாடாவும் சிரித்தது. அவர் புளோறன்ஸிடம் ஏதோ சொன்னார். பிறகு இருவரும் முடக்கில் திரும்பிவிட்டார்கள்.

அவள் வர அரைமணித்தியாலமானது. வந்து, ஆறிப்போன எண்ணெயை வடிக்கத் தொடங்கினாள். றேமண்ட் குசினி வாசலில் போய் நின்றான்.

"செலீன் வீட்டடியில நிண்டு என்ன சொன்னார்?"

அவள் எண்ணெயை வடித்து முடித்தாள்.

"'படிச்ச பெட்டி' எண்ட இடத்தில ஒரு மூச்சு நிப்பாட்டிச் சொல்லியிருக்கோணுமாம். ஓடிட்டீங்களாம்."

"வேற?"

"வேற ஒண்டும் சொல்லல்ல," என்றாள் புளோறன்ஸ்.